கல்லறை வாசலில் டியூட்டி பார்த்தவர்கள்

போன வருடம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன். ஊற்றியவள் யார் என்று எனக்குத் தெரியும். அதே வாளியிலிருந்து அவள் இன்னும் நான்கு பேருக்கு ஊற்றி, நான்கு பேரும் குடித்து, குடித்த பிறகும் நன்றாகத்தான் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் நான் வாய் வைத்தேன். சிரிக்காதீர்கள். பதினோரு வருடம் தொழிற்சாலை வாசலில் நின்று அடுத்தவர் பையைத் திறந்து பார்த்தவளுக்கு வேறு புத்தி வராது.

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லேடி செக்யூரிட்டி. ஷிப்ட் விட்டதும் பெண்கள் வரிசையாக வருவார்கள். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிறுத்தி பை, டிபன் பாக்ஸ், துப்பட்டா மடிப்பு எல்லாம் பார்த்து அனுப்புவேன். சிரித்துக்கொண்டே வருகிறவளை இரண்டு முறை பார்ப்பேன். சிரிக்காமல் வருகிறவளையும் இரண்டு முறை பார்ப்பேன். வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் காரணமில்லாமல் மல்லிகைப்பூ வாங்கி வந்தால் பூவைத் தலையில் வைத்துக்கொள்வேன், இன்றைக்கு என்ன விசேஷம் என்று அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். "யம்மா, வூட்லயும் டூட்டியா?" என்பாள் என் மகள்.

கஞ்சி ஊற்றியவளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு அதற்கு நான்கு வருடத்துக்கு முந்தையது. அப்போது அவள் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருவாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மாதங்களில் லைனிலிருந்து சின்னச் சின்ன சென்சார்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கேட்டில் கண்டிப்பாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் மாலை அவள் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு பழைய கையுறை கிடைத்தது. முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தால் உள்ளே இரண்டு சென்சார்.

"யக்கா, சத்தியமா நான் எடுக்கலக்கா" என்றாள்.

பிடிபட்ட எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் கேட்டில் இருக்கும் பதிவு நோட்டை எடுத்து, பையில் மறைத்து வெளியே கொண்டுபோக முயன்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வேலை போனது. அதோடு விடவில்லை. காண்ட்ராக்டர் அவள் பெயரைத் தன் கையிலிருந்த மற்ற கம்பெனிகளுக்கும் அனுப்பிவிட்டார். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த கேட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. எனக்கு மேடையில் கூப்பிட்டு ஒரு சர்ட்டிபிகேட்டும் ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். நான் அந்த ஹாட்பாக்ஸில் பெருமையாகச் சப்பாத்தி போட்டு வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து, டீ நேரத்தில் அந்த லைன் சூப்பர்வைசர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த சிவப்புப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. கழிக்கப்பட்ட பாகங்களைப் போடுகிற பெட்டி அது.

"இது வர்றதுக்கு முன்னாடி நாங்க பட்ட பாடு கீதே! பழைய பொட்டி ஒடஞ்சி பூட்ச்சி. ஆயுத பூஜைக்கு குடுத்த பையத்தான் கொக்கில மாட்டி ரிஜெக்ட் பீஸ்லாம் போட்டுகினு இருந்தோம். பீஸ் தொலையாம இருக்க கிளவுசுல போட்டு முடிச்சி வெச்சிருவோம்."

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்தார்கள். லாக்கர் போதாமல் காண்ட்ராக்ட் பெண்கள் தங்கள் பைகளையும் லைன் ஓரத்துக் கொக்கிகளில்தான் மாட்டுவார்கள். அவள் பையும் அதே நீலப் பை. யாரோ அவசரத்தில் பை மாறிப் போட்டிருக்கிறார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. மறைத்ததை நானும் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்து நானே முடிவு செய்துகொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை என்னாகும் என்று ஒரு பயம். ஒரு தப்பும் செய்யாத செக்யூரிட்டி என்ற பெயர் போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். உள்ளதைச் சொல்கிறேன், இரண்டாவதுதான் பெரிது. ஹாட்பாக்ஸைப் பரணில் போட்டுவிட்டு எப்போதும்போல் டியூட்டிக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன்.

போன வருடம் ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்னால், தபசு நாட்களில் ஒரு ஞாயிறு, படப்பையில் புதிதாக மனை பிரித்த இடத்திலிருக்கும் எங்கள் சபைக்கு அவள் வந்தாள். தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். ஒளிய இடமில்லை. இடுப்பில் ஒரு குழந்தையோடு நேராக எனக்குப் பின் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும், "நல்லா கீறீங்களாக்கா?" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. ஊரில் இத்தனை சபை இருக்க இங்கே எதற்கு வந்தாள்? அடுத்த வாரம் எனக்கு இடம் பிடித்து வைத்தாள். பக்கத்திலேயே உட்காரவைத்து என்ன செய்யப்போகிறாள்? அதற்கடுத்த வாரம் முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு காம்பாக உதறிப் பார்த்தேன். கீரையில் கீரைதான் இருந்தது. "இந்த வாரம் இன்னா ஷிப்ட்டுக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் வேண்டுமென்றே தப்பான ஷிப்டைச் சொன்னேன். எல்லோருக்கும் எதிரில் என்னைக் கேட்கத்தான் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இதற்கு நடுவில் என் வாயே எனக்கு வினையானது. பெண்கள் கூட்டத்தில் எங்கள் ஆயரின் மனைவி ஆயரம்மா, இயேசுவின் கல்லறைக்கு முத்திரை வைத்துக் காவல் போட்ட பகுதியை எடுத்துப் பேசினார். என் தொழில் விஷயம் வந்தால் சும்மா இருக்க முடியுமா? சீல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நம்பர் போட்ட சீல் உண்டு. அது உடைந்திருந்தால் டிரைவரிலிருந்து செக்யூரிட்டி வரை எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும்.

"அந்தக் காவல்காரங்க சொன்னத பாருங்கம்மா. நாங்க தூங்கிட்டோம், சீஷருங்க வந்து திருடிகினு பூட்டாங்கன்றாங்க. தூங்கினவனுக்கு யார் திருடினான்னு எப்டி தெரியும்? இத போய் எங்க ஆபீசர்கிட்ட சொன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்சிருவாரு. இது மேல இருக்கறவங்க சொல்லிக்குடுத்த ரிப்போர்ட்டு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து அவள் சிரித்த சிரிப்புதான் எனக்குத் தனியாகக் கேட்டது. ஆயரம்மா குஷியாகிவிட்டார். "ஈஸ்டர் அன்னிக்கு விடிகாலை ஆராதனையில நீங்களே சாட்சி சொல்லிடுங்க. இதையே சொல்லுங்க" என்றார். எங்கள் சபையில் அன்றைக்கு யாராவது ஒருவர் எழுந்து, உயிர்த்தெழுந்தவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்லவேண்டும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றேன்.

பெரிய வெள்ளி போய், கஞ்சியும் குடித்து, சனிக்கிழமை பகல் டியூட்டியில் உட்கார்ந்து சாட்சியை எழுதப் பார்த்தேன். லாரிகள் குறைவாக இருந்தன. அவர் நமக்காகச் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார், அதனால் நமக்கு மன்னிப்பு, சாவைக் கண்டு பயமில்லை. இதை ஞாயிறு பள்ளியிலிருந்தே தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவர் திரும்பி வந்தார் என்று கதை சொன்னால், யாரையாவது பழிவாங்கத்தான் வருவார். இவரைக் காட்டிக்கொடுத்தார்கள், தெரியாது என்றார்கள், விட்டுவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இவர் சும்மாவா திரும்பி வருவார்? சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதிகாரிகளுக்குப் பயந்து என்கிறார்கள். எனக்கென்னவோ கல்லறை காலி என்று கேள்விப்பட்டதும் அவருக்கே பயந்திருப்பார்கள் என்று தோன்றியது. என் கதவும் ஒரு மாதமாகப் பூட்டித்தானே கிடந்தது.

காவல்காரர்களைப் பற்றி மறுபடி யோசித்தேன். அவர் எழுந்ததைப் பற்றி முதலில் அதிகாரிகளிடம் போனது ஒரு செக்யூரிட்டி ரிப்போர்ட். ஊருக்குச் சொன்னதோ திருட்டு என்ற பொய். நடந்தது தெரிந்தும் பணத்துக்கும் வேலைக்குமாக வாயை மூடிக்கொண்டவர்கள் அவர்கள். இரும்பு அலமாரியைத் திறந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. என் குண்டுக் கையெழுத்து, என் கையொப்பம், மறைத்து என்ற சொல். கூட்டத்தில் அவ்வளவு பேரைச் சிரிக்க வைத்தேனே, என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. யாருமில்லாத செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்து அழுதேன்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மறுநாள் விடியற்காலை போனேன். வீடு கட்டாத ஒரு காலி மனையில், மனைக் கற்களுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் மெழுகுவத்தி. அவள் இரண்டாவது வரிசையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிட்டார்கள். காவல்காரர்களைப் பற்றிச் சொன்னேன். சீலைப் பற்றிச் சொன்னேன். தூங்கினவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அல்லேலூயா சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோழை நான், அவ்வளவுதான். ஆயர் வேறு, அருமையான சாட்சி என்று பாராட்டினார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"சூப்பரா சொன்னீங்கக்கா. எனக்கு ஒண்ணு தோணுச்சி. எழுந்து வந்தப்புறம் அவரு எல்லாரையும் போய் பாத்தாரு இல்ல? அந்தக் காவல்காரங்களயும் பாக்கப் போயிருப்பாரா?"

என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று சுர்ரென்று கோபம் வந்தது. எதற்குக் கோபம், நான் செய்ததற்கா? ஆனாலும் வந்தது.

"நீ எதுக்கு எங்க சபைக்கு வந்த? நேரா சொல்லு. உனக்கு இன்னா வேணும்?"

அவள் திகைத்துப் போனாள். "எனக்கு இன்னாக்கா வேணும்? வூடு இங்க மாத்திகினு வந்தோம். நடந்து வர்ற தூரத்துல இதான் சர்ச்சு. மொத நாளு உங்கள பாத்ததும் எழுந்து போயிரலாம்னுதான் பாத்தேன். அப்றம், நான் ஏன் போகணும், நானா தப்பு பண்ணேன்னு உக்காந்துட்டேன். பேசாம இருந்தா பயம் போவாதுன்னுதான் நானா வந்து பேசினேன். நீங்க ஏதோ தெரியாம எழுதிட்டீங்க. அது உங்க டூட்டி. நான் ஜெபத்துல அத எப்பவோ விட்டுட்டேன்."

ஒரு மாதமாக நான் அவளுக்குப் பயந்தேன். அவள் எனக்குப் பயந்திருக்கிறாள். அதைவிட, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருந்தால் அவள் கொடுத்த மன்னிப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் மன்னித்தது நான் செய்ததை அல்லவே. அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. நீலப் பையைப் பற்றிச் சொன்னேன். சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னேன். எட்டாவது மாதமே எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "தெரிஞ்சிகினேவா இருந்தீங்க?" என்றாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "என் மாமியாரு வருசக்கணக்கா என்ன திருடின்னு கூப்டுச்சி. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. அவள் சாப்பிடாமலே போய்விட்டாள்.

திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக அன்றைய நோட்டில் எழுதினேன். பழைய பக்க எண்ணைப் போட்டு, அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, நான் பார்க்காததை எழுதினேன், உண்மை தெரிந்த பிறகும் சொல்லவில்லை என்று முழுவதும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் செக்யூரிட்டி ஆபீசரிடம் போனேன். முதலில் சொல்லியிருந்தால் எழுதவிட மாட்டார். நோட்டில் ஏறியதைக் கிழிக்க முடியாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் உண்டு. பட்டாளத்தில் இருந்து ரிட்டயரானவர் அவர். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செத்துப்போன கேஸும்மா இது. இப்ப எதுக்கு எழுப்பற?"

"அது எழுந்து வந்து ஒரு மாசமாச்சு சார்" என்றேன்.

விசாரணை வைத்தார்கள். சூப்பர்வைசரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் மேல் குற்றமில்லை என்று கடிதம் போட்டு, பெயர் மேல் இருந்த தடையை எடுத்தார்கள். எனக்கு மெமோ கொடுத்து, மெயின் கேட்டிலிருந்து பின்பக்கம் ஸ்கிராப் லாரி போகிற கேட்டுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கொண்டுபோய் ஆபீஸில் வைத்தேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு ஞாயிறு அவள் சபைக்கு வரவில்லை. நான் அவளை முழுசாக அனுப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். முதல் தடவை கம்பெனியிலிருந்து, இப்போது சபையிலிருந்தும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று தெருமுனை வரை போனேன். மன்னிப்பு கேட்டு நச்சரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைப்பாளோ என்று திரும்பிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு வந்தாள். எனக்குப் பின் வரிசையில் அதே இடம். எங்கள் ஆராதனையில் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. நான் திரும்பவில்லை. திரும்ப எனக்கு முகமில்லை. பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"சமாதானம்க்கா."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. அதனால்தான் நம்பினேன். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் இரண்டு முறை பார்த்திருப்பேன்.

பூட்டின அறைக்குள் சீடர்களிடம் வந்தவரும் சமாதானம்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கைக் காயத்தைக் காட்டினார். ஒன்றுமே நடக்காததுபோல் வந்திருந்தால் என்னைப் போன்றவள் நம்பியிருக்க மாட்டாள். நடந்தது நடந்ததுதான், காயம் காயம்தான். ஆனாலும் குற்றப்பத்திரிகை படிக்க வரவில்லை. அவர் செத்தது எனக்காக என்று நாற்பது வருடம் ஒப்பித்தவளுக்கு, அவர் திரும்பி வந்ததும் எனக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் காவல்காரர்களைப் போய்ப் பார்த்தாரா என்று எங்கும் எழுதியில்லை. பார்த்திருப்பார் என்று நான் நம்புகிறேன். ஸ்கிராப் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி அதை நினைத்துக்கொள்வேன்.

கடிதம் வந்த பிறகும் அவள் எங்கள் கம்பெனிக்குத் திரும்பவில்லை. "அங்க யாரு வருவா? உங்க கேட்டு பக்கமே தல வெச்சி படுக்கமாட்டேன்" என்றாள். வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். கடிதத்தை மாமியாரிடம் கொடுத்து இரண்டு முறை சத்தமாகப் படிக்க வைத்ததாகச் சொன்னாள். ஒன்றரைப் பக்கமாம்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமையும் அவள்தான் கஞ்சி வாளியோடு நின்றாள். நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய் டம்ளரை நீட்டினேன். அவள் கரண்டியைத் தூக்கியவள், ஊற்றாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இந்த வருசம் நாலு பேரு குடிக்கற வரைக்கும் பாக்கலயா?"

போன வருடமே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் ஈஸ்டர் அன்றைக்கு என்னிடம் வந்து பேசியிருக்கிறாள். நான் டம்ளரை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். விளிம்புவரை ஊற்றினாள். சூட்டோடு அங்கேயே நின்று குடித்தேன். உப்பு கொஞ்சம் குறைவு. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.